ஹவுரா பாலத்தை நடந்து பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தா போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஹவுரா பாலத்தை வண்டியில் கடக்காதீர்கள், நடந்து கடங்கள். சொன்னதும் கேள்விகள் வரும். போய்விட்டுத் திரும்பியவர்கள் இன்னும் நிறையக் கேட்பார்கள். இத்தனை வருடங்களில் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டாக்சியில் போனாலே பாலம் தெரியுமே, ஏன் நடக்க வேண்டும்?

தெரியாது. முதல் தடவை நானும் ரயில் நிலைய வாசலில் மஞ்சள் டாக்சி ஏறி அப்படித்தான் கடந்தேன். முன்னால் ஒரு பேருந்து, இரண்டு பக்கமும் ஓடும் இரும்புச் சட்டங்கள், நடுநடுவே ஒரு கணம் மின்னி மறையும் தண்ணீர். அவ்வளவுதான் பார்த்தேன். "பாலம் வந்துவிட்டதா?" என்று டிரைவரிடம் கேட்டபோது, தாண்டிவிட்டோம் என்றார்.

இந்தப் பாலத்தின் நடைபாதைகள் சாலைக்கு வெளிப்புறத்தில், ஆற்றை ஒட்டி இருக்கின்றன. இரண்டு பக்கமும் தலா 15 அடி அகலம். அவ்வளவு இடம் ஒதுக்கியதற்குக் காரணம், இதைக் கட்டும்போதே பெரும்பாலானோர் நடந்துதான் கடப்பார்கள் என்று தெரிந்திருந்தது. இன்றைக்கும் ஒரு நாளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதை நடந்து கடக்கிறார்கள். தலையில் மூட்டை, தோளில் வாழைத்தார், கையில் டிபன் பாக்ஸ் என்று போகும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தால்தான் பாலம் எதற்காக இருக்கிறது என்பது புரியும்.

நடக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, தூண் எங்கே என்று தேடிப் பாருங்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இருக்காது. கீழே நான் சொல்லப்போகும் வரலாற்றில் பெரும்பகுதி அந்த இல்லாத தூணின் கதைதான்.

பாலம் எங்கே இருக்கிறது, எப்படிப் போய்ச் சேர்வது?

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா, கிழக்குக் கரையில் கொல்கத்தா. பாலம் இரண்டையும் இணைக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆற்றின் பெயர் கங்கைதான். ஹூக்ளி என்று அவர்கள் சொல்லிக் கேட்பது அபூர்வம்.

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் வருகிறவர்களுக்கு வேலையே இல்லை, நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பாலம் கண்முன் நிற்கும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஹவுராவுக்குப் பேருந்திலோ டாக்சியிலோ வர வேண்டும். நகருக்குள் தங்கியிருந்தால் எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோவில் ஹவுராவுக்கு வந்துவிடலாம். நடக்கக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ எதுவும் கிடையாது.

ஹவுரா பக்கம் ஆரம்பித்துக் கொல்கத்தா பக்கம் முடிப்பது நல்லது என்பது என் கருத்து. காரணம் பூச்சந்தை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த நேரத்தில் போகலாம்?

விடிகாலை. கொல்கத்தா நாட்டின் கிழக்குப் பக்கம் இருப்பதால், நம் கடிகாரக் கணக்கில் அங்கே சூரியன் சீக்கிரம் எழுந்துவிடும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது. டிசம்பரில் ஆறு மணிக்கு மேல் ஆகும், ஆனால் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மாலை நடைக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்து, சூரிய அஸ்தமனம் எங்கே என்று தேடியவர்களை எனக்குத் தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. பிற்பகலில் காலபைசாகி என்கிற திடீர்ப் புயல்மழையும் அடிக்கும். அது வருவதற்கு முன் ஆற்றுக்கு மேல் வானம் கருநீலமாக மாறுவது பார்க்க அற்புதமான காட்சி. ஆனால் அந்த நேரத்தில் பாலத்தின் நடுவே நிற்காதீர்கள்.

காலை ஒன்பது மணி வாக்கில் புறநகர் ரயில்களில் வந்து இறங்கும் கூட்டம் மொத்தமும் கொல்கத்தா பக்கம் நடக்கும். மாலையில் அதே கூட்டம் திரும்பும். வேலைக்குப் போகிறவர்கள் வேகமாகப் போவார்கள், நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர் அவர்களுக்கு இடைஞ்சல். அந்த நேரங்களில் கைப்பிடி ஓரமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இரவு வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 2020 ஜனவரியில் பாலத்துக்குப் புதிய வண்ண விளக்கு அமைப்பு வந்தது. அதைத் தள்ளி நின்று, படித்துறையிலிருந்தோ படகிலிருந்தோ பார்ப்பதுதான் நன்றாக இருக்கும்.

வடக்குப் பக்க நடைபாதையா, தெற்குப் பக்கமா?

தெற்கு. அங்கிருந்து தூரத்தில் வித்யாசாகர் சேது என்கிற இன்னொரு பாலம் தெரியும், படகுகள் போய்வருவது தெரியும், குளிர்காலத்தில் சூரியன் ஹவுரா கரைக்குப் பின்னால் இறங்குவதும் தெரியும். பூச்சந்தைக்கு இறங்கும் வழியும் கொல்கத்தா முனையில் அதே பக்கம்தான். பாலத்தின் நடுவே சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போய்விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். முனைக்கு வந்துதான் மாற வேண்டும்.

இது தொங்கு பாலம்தானே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு உயரமான கோபுரங்கள், நடுவில் தாழ்ந்து வளையும் மேல்விளிம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் தொங்கு பாலம் போலவே இருக்கும். ஆனால் இதில் வடம் எதுவும் இல்லை. இது கான்டிலீவர் வகை.

வீட்டு ஜன்னலுக்கு மேல் இருக்கும் சன்ஷேடை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சுவருக்குள் இறுகப் பதிந்திருக்கிறது, மறுமுனை தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் வெளியே நீண்டிருக்கிறது. அதுதான் கான்டிலீவர். இரண்டு கரையிலிருந்தும் அப்படி இரண்டு கைகள் ஆற்றுக்கு மேல் நீள்கின்றன. ஒவ்வொன்றும் 468 அடி. இரண்டு கைகளும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் இருக்கும் 564 அடி இடைவெளியில் ஒரு தனிப் பாலத்தை மாட்டியிருக்கிறார்கள். மூன்றையும் கூட்டினால் கோபுரத்துக்குக் கோபுரம் 1,500 அடி.

நீட்டிய கைகள் எடை தாளாமல் ஆற்றுப் பக்கம் சாயாதா என்று கேட்கலாம். சாயத்தான் பார்க்கும். அதனால்தான் ஒவ்வொரு கோபுரத்துக்கும் கரைப் பக்கமாக 325 அடி நீளத்துக்கு இன்னொரு கை போய், தரையோடு நங்கூரம் போட்டதுபோல் கட்டப்பட்டிருக்கிறது. பெரிய துலாக்கோல் மாதிரி. கோபுரங்களின் உயரம் சுமார் 280 அடி.

நீங்கள் நடக்கும் தளம் இந்தச் சட்டகத்தின் மேல் உட்காரவில்லை, அதிலிருந்து தொங்குகிறது. 39 ஜோடி, அதாவது 78 தொங்கு தண்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன. பாலத்தில் 'தொங்கு' என்று சொல்ல ஏதாவது இருக்கிறதென்றால் அது தளம்தான். நடந்து போகும்போது அந்தத் தண்டுகளை எண்ணிக்கொண்டே போகலாம். குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் சலிக்காமல் நடப்பார்கள்.

ஆற்றுக்குள் தூண் வைத்திருந்தால் எளிதாக முடிந்திருக்குமே, ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஆறு விடவில்லை. துறைமுகமும் விடவில்லை.

பாலத்தில் நின்று ஆற்றில் மிதந்துவரும் ஆகாயத்தாமரைகளைப் பாருங்கள். காலையில் தெற்கே கடலை நோக்கிப் போகும். சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே ஆகாயத்தாமரை வடக்கே, ஆறு வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் அலையேற்றம் இங்கே வரைக்கும் வருகிறது. சில நாட்களில் அது ஒரு சுவர் போல எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடிவரும். வங்காளிகள் அதைப் 'பான்' என்பார்கள்.

இப்படித் தினமும் முன்னும் பின்னும் போகும் இந்த ஆறு வண்டல் சுமக்கிற ஆறு. நடுவில் தூண்களை வைத்தால் ஓட்டம் தடைப்பட்டு, தூணைச் சுற்றி மணல் திட்டுகள் சேரும். கொல்கத்தா அப்போது நாட்டின் மிக முக்கியமான துறைமுகங்களில் ஒன்று. கப்பல் வரும் பாதையில் மண் மேடிட்டால் வியாபாரம் போச்சு. அதனால் புதிய பாலத்தைப் பற்றி 1920-களில் நிபுணர் குழுக்கள் கூடியபோது, ஆற்றோட்டத்துக்கு என்ன ஆகும் என்பது பெரிய கேள்வியாக இருந்தது. தொழிலதிபர் சர் ஆர். என். முகர்ஜி தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. கான்டிலீவர் பாலம்தான் சரி என்று பரிந்துரை வந்தது. 1926-ல் புதிய ஹவுரா பாலச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் வேலை தொடங்க 1936 ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

மிதவைப் பாலம். இப்போதைய பாலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, சுமார் நூறு கஜத் தூரத்தில், மிதவைகளின் மேல் தளம் போட்டு ஆற்றில் மிதந்துகொண்டே இருந்தது. வடிவமைத்தவர் சர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி. பாகங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி.

திறப்பதற்கு முன்பே அடி வாங்கிய பாலம் அது. 1874 மார்ச் 20 அன்று அடித்த புயலில் எஜீரியா என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதியதில் மூன்று மிதவைகள் மூழ்கின. சரிசெய்து அதே ஆண்டு அக்டோபர் 17-ல் திறந்தார்கள். 1879-ல் மின்விளக்குகளும் வந்துவிட்டன.

கப்பல் போக வேண்டுமென்றால் நடுவில் 200 அடித் துண்டை விலக்கி வழிவிட வேண்டும். விலக்கியதும் வண்டி, மாடு, மனிதர் எல்லோரும் இரண்டு கரையிலும் காத்து நிற்பார்கள். 1906 வரை இது பகலில் மட்டும்தான் நடந்தது. அதன்பிறகு இரவிலும் கப்பல்களை விட ஆரம்பித்ததும் பகலில் பாலம் திறக்கும் தடவைகள் 24-லிருந்து 4-ஆகக் குறைந்தன. அந்த நகரத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! ஆனாலும் அதற்குள் ஹவுரா நிலையம் பெரிதாகிவிட்டது, வண்டிகள் பெருகிவிட்டன. மிதக்கும் பாலம் எத்தனை நாள் தாங்கும்? 62 அடி அகலத்தில் ஓர் ஊரே நெரிந்துகொண்டிருந்தது. இன்றைய பாலத்தின் 71 அடிச் சாலையும், இரண்டு பக்கமும் 15 அடி நடைபாதையும் அந்த நெரிசலுக்குக் கிடைத்த பதில்.

தூண் ஆற்றில் இல்லை, சரி. கரையில் இருக்கும் கோபுரம் எதன் மேல் நிற்கிறது?

இந்தப் பாலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தளம்தான்.

நம் ஊரில் மணற்பாங்கான இடத்தில் கிணறு எப்படித் தோண்டுவார்கள்? உறையை மேலே வைத்து, உள்ளே மண்ணை அள்ள அள்ள, உறை தன் எடையாலேயே கீழே இறங்கும். ஹவுரா பாலத்தின் அடித்தளமும் அதே முறைதான். ஆனால் அந்த 'உறை'யின் அளவு 55 மீட்டருக்கு 24 மீட்டருக்கும் மேல். அதற்குள் 21 கிணறுகள், ஒவ்வொன்றும் ஆறே கால் மீட்டர்ச் சதுரம். ஒவ்வொரு கோபுரத்துக்கும் அடியில் இப்படி ஒன்று. ஹவுரா பக்கம் மண்ணை நேரடியாக வாரி எடுத்தே இறக்கிவிட்டார்கள். கொல்கத்தா பக்கம் ஓடும் மணல். தோண்டத் தோண்டச் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருந்தது. அதைத் தடுக்க அழுத்தப்பட்ட காற்றை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு. அந்த முறையில் வேலை நடத்த ஏறக்குறைய 500 தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். வெளியே இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், மண்ணுக்கு அடியில் வேலை செய்வதென்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய பெயர்கள் பாலத்தில் எங்கும் இல்லை.

ஓர் இரவு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது அடிமண் திடீரென்று இளகி, அந்தப் பிரம்மாண்டம் முழுதும் ஒரே மூச்சில் இரண்டு அடி கீழே இறங்கிவிட்டது. கொல்கத்தாவின் கிதர்பூர் பகுதியில் இருந்த நிலநடுக்கமானி அதை நிலநடுக்கம் என்றே பதிவு செய்தது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்தது. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள்.

அள்ளிய சேற்றில் என்னென்ன வந்தன தெரியுமா? நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள். ஒரு நகரத்தின் இரண்டு நூற்றாண்டுச் சரித்திரத்தை வாரி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கான்கிரீட்டை நிரப்பியிருக்கிறார்கள். கோபுரத்தின் அடியில் ஒரு நிமிடம் நின்று இதை நினைத்துக்கொண்டு பிறகு நடங்கள்.

நட்டும் போல்ட்டும் இல்லாமல் கட்டியது என்கிறார்களே, உண்மையா?

ஆமாம், தறையாணிகளால்தான் இரும்பைப் பிணைத்திருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் சட்டங்களில் வரிசை வரிசையாக அரைக்கோள மொட்டுகள் தெரியும். அவை ரிவெட் என்கிற தறையாணிகளின் தலைகள். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, வெளியே நீட்டிய மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போல்ட் மாதிரி அதிர்வில் தளராது. அந்தக் காலத்துப் பெரிய இரும்புப் பாலங்கள் பலவும் இந்த முறையில் கட்டியவைதான். அதனால் இதை மாயம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நடைபாதையில் கை எட்டும் உயரத்தில் ஒரு தறையாணியைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சூடாக ஏந்தி, யாரோ ஒருவர் அடித்திருக்கிறார்.

கட்டியது வெள்ளைக்காரர்களா, நம் ஆட்களா?

இரண்டும். வடிவமைப்பு ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் என்ற லண்டன் நிறுவனம். கட்டியது கொல்கத்தாவின் பிரெய்த்வெய்ட், பர்ன் அண்ட் ஜெஸ்ஸாப். டெண்டரில் குறைந்த தொகை சொன்னது ஒரு ஜெர்மன் நிறுவனம். ஆனால் 1935 வாக்கில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே உறவு கெட்டுக்கொண்டிருந்ததால் அதற்குக் கிடைக்கவில்லை.

இரும்பின் கதைதான் முக்கியம். பாலத்துக்குத் தேவைப்பட்டது 26,500 டன் எஃகு. இங்கிலாந்திலிருந்து வர வேண்டியதில் பெரும்பகுதி உலகப் போரால் வராமல் போனது. மொத்தத்தில் 23,000 டன்னை டாடா நிறுவனம் கொடுத்தது. டிஸ்க்ரோம் என்ற உறுதி மிகுந்த எஃகு வகையை இதற்காக உருவாக்கினார்கள். முந்தைய மிதவைப் பாலத்தின் பாகங்கள் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஏறக்குறைய எழுபது வருடத்தில் அதே ஆற்றுக்கு மேல் நம் நாட்டு எஃகு நின்றது.

இரண்டு கரையிலிருந்தும் கிரேன்கள் தாங்கள் கட்டிய சட்டகத்தின் மேலேயே ஊர்ந்து ஊர்ந்து நடுவை நோக்கி வந்தன. ஆற்றுக்குள் சாரம் கட்ட வேண்டியிருக்கவில்லை, கீழே கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. நடுவில் இரண்டு பாதிகளையும் இணைக்கத் தலா 800 டன் தாங்கும் 16 ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து, மெல்ல மெல்ல நெருக்கிச் சேர்த்தார்கள்.

இவ்வளவு பெரிய பாலத்துக்குத் திறப்பு விழா நடக்கவில்லையாமே?

நடக்கவில்லை. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கொல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. துறைமுகமும் ரயில் முனையமும் சேரும் இடத்தில் நிற்கும் புத்தம்புதுப் பாலத்தை எதிரிக்குத் தம்பட்டம் அடித்துக் காட்ட யாரும் தயாராக இல்லை. 1943 பிப்ரவரி 3 அன்று சத்தமில்லாமல் திறந்தார்கள். முதலில் கடந்தது தனியாக ஓடிய ஒரு டிராம் வண்டி. அதன்பிறகு ஐம்பது வருடம் பாலத்தின் மேல் டிராம் ஓடியது, 1993-ல் நிறுத்திவிட்டார்கள்.

திறந்த அதே ஆண்டுதான் வங்காளப் பஞ்சமும். கிராமங்களிலிருந்து பசியோடு கொல்கத்தாவுக்கு வந்து தெருக்களில் விழுந்தவர்கள் ஏராளம். பாலத்தின் முதல் வருடத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ரவீந்திர சேது என்பதும் இதுதானா?

இதுதான். 1965 ஜூன் 14 முதல் ரவீந்திரநாத் தாகூரின் நினைவாக அதிகாரப்பூர்வப் பெயர் ரவீந்திர சேது. வழி கேட்கும்போது ஹவுரா பிரிட்ஜ் என்றே கேளுங்கள். தெற்கே வடங்களோடு தெரிவது வித்யாசாகர் சேது, 1992-ல் திறந்தது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடக்கும்போது பாலம் ஆடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கனமான பேருந்து போகும்போது காலடியில் அதிர்வு நன்றாகவே தெரியும். தொங்கும் தளம் அப்படித்தான் இருக்கும், அசையாமல் விறைத்து நின்றால்தான் ஆபத்து. வெயிலில் எஃகு நீளும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கத் தளத்தில் பல இடங்களில் அசையும் இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது தளத்தின் குறுக்கே ஓடும் இடைவெளிக் கோடுகளைக் கவனித்தால் தெரியும்.

வெற்றிலை எச்சிலால் பாலம் அரிக்கிறது என்பது வதந்தியா?

வதந்தி இல்லை. தொங்கு தண்டுகள் தளத்தோடு சேரும் அடிப்பாகத்தில் இரும்புக் கவசங்கள் உண்டு. நடப்பவர்கள் வெற்றிலை பாக்கையும் குட்காவையும் மென்று அங்கேயே துப்பித் துப்பி, 6 மில்லிமீட்டர் கனமான கவசம் சில வருடங்களில் பாதிக்கும் கீழே தேய்ந்துவிட்டது என்று 2011 வாக்கில் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்பும் பாக்கும் எச்சிலும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்னும். பிறகு அடிப்பாகங்களுக்கு ஃபைபர் உறை போட்டார்கள். பறவை எச்சமும் இதேபோல் அரிப்பதுதான். அதைச் சுத்தம் செய்வதும் வண்ணம் அடிப்பதும் பாலத்தைப் பராமரிக்கும் துறைமுகத்துக்கு ஓயாத வேலை.

2005 ஜூன் 24 அன்று ஆற்று மட்டம் ஏறியிருந்த நேரத்தில் ஒரு சரக்குப் படகின் புகைபோக்கி பாலத்துக்கு அடியில் சிக்கி மூன்று மணி நேரம் கிடந்தது. குறுக்குச் சட்டங்கள் சேதமாயின. குண்டுவீச்சுக்கும் புயலுக்கும் தப்பிய பாலத்துக்கு உண்மையான தொந்தரவு இப்படிச் சின்னச் சின்ன அலட்சியங்களிலிருந்துதான் வருகிறது. தயவுசெய்து அங்கே துப்பாதீர்கள், கூட வருகிறவர்களையும் துப்ப விடாதீர்கள்.

போட்டோ எடுக்கலாமா?

பாலத்தின் மேல் படம் எடுப்பதற்கு நீண்ட காலமாகத் தடை இருந்தது. இப்போது பலர் செல்போனில் எடுப்பதைப் பார்க்கலாம். என்றாலும் அங்கே போலீஸ் நிற்பார்கள், வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் உள்ளே வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு, ட்ரோன் எல்லாம் கொண்டுபோக வேண்டாம். மூட்டை சுமப்பவர்களை முகத்துக்கு நேரே படம் பிடிப்பதையும் தவிர்க்கலாம். அரைக் கண் மூடி, கழுத்து நரம்பு புடைக்க ஓடுகிறவரை நிறுத்தி வைக்கிற உரிமை நமக்கு இல்லை. படித்துறைகளிலிருந்து எடுக்கும் படங்கள்தான் எப்படியும் அழகாக வரும்.

பூச்சந்தைக்கு எப்படி இறங்குவது? பார்க்க என்ன இருக்கிறது?

கொல்கத்தா முனையில் தெற்குப் பக்கமாகக் கீழே இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. காட் என்றால் படித்துறை. நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. ஆரஞ்சு நிறச் செண்டுமல்லிச் சரங்களைப் பாம்பு மாதிரிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். காளிக்குச் செம்பருத்தி, சிவனுக்கு வில்வம், கல்யாணத்துக்கு ரஜனிகந்தா. நாம் சம்பங்கி என்கிற பூதான் அங்கே ரஜனிகந்தா.

இறங்குவதற்கு முன்னால் பாலத்தின் மேலிருந்தே ஒரு தடவை கீழே பாருங்கள். பூ நிரம்பிய அந்தச் சந்தைக்கு மேல் பாலத்தின் நிழல் விழுந்திருக்கும். அப்புறம் இறங்குங்கள். தரை ஈரமாக, வழுக்கலாக இருக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். வழி விட்டு நடங்கள், சுமையோடு வருகிறவரால் நிற்க முடியாது. யாரிடமாவது ஏதாவது கேட்பதென்றால் 'தாதா' என்று ஆரம்பியுங்கள். வங்காளத்தில் அது அண்ணன். பெண்களை 'தீதி', அக்கா.

சந்தையைத் தாண்டிப் படித்துறைக்குப் போனால், குளிக்கிறவர்கள், பூஜை செய்கிறவர்கள், காலை வேளையில் மல்யுத்தப் பயிற்சி செய்கிறவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். மேலே இரும்பு உறுமிக்கொண்டிருக்கும். அங்கே படியில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாகப் பாலத்தை முழுதாகப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? வயதானவர்கள் நடக்க முடியுமா?

நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம் போதும். வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரம், பூச்சந்தையும் சேர்த்தால் இரண்டு. நடைபாதை சமமானது, ஏற்றம் கொஞ்சம்தான். ஆனால் நடுவில் உட்கார இடம் கிடையாது. முழங்கால் வலி இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது, அலுவலகக் கூட்டம் இருக்காது. ஹவுரா நிலையத்துச் சுரங்கப்பாதையிலும் பூச்சந்தை வழியிலும் படிகள் உண்டு. சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நடந்து முடித்த பிறகு ஹவுராவுக்கு எப்படித் திரும்புவது?

மூன்று வழி. திரும்ப நடக்கலாம். அல்லது மகாகரண் நிலையத்தில் மெட்ரோ ஏறலாம். 2024 மார்ச்சில் திறந்த இந்தப் பாதை ஆற்றுப் படுகைக்கும் கீழே போகிறது. அந்த 520 மீட்டரை ரயில் முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். பாலத்தில் ஒரு மணி நேரம் நடந்தவர்களுக்கு அது வேறு விதமான ஆச்சரியம்.

ஆனால் நேரம் இருந்தால் படகில் போங்கள். ஆர்மீனியன் காட்டிலிருந்து ஹவுராவுக்குப் படகு உண்டு. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறதா? ஹவுராவில் இறங்கியதும், வடக்கே பாக்பஜார் பக்கம் போகும் படகில் ஏறிக்கொள்ளுங்கள். அது பாலத்துக்கு நேர் அடியில் போகும். வெளியே ஓரமாக நின்றுகொண்டு, நிழல் மேலே விழும்போது அண்ணாந்து பாருங்கள். தளத்தின் அடிச்சட்டங்கள், அவற்றின் இடுக்குகளில் பறவைகள், மேலே போகும் பேருந்துகளின் முழக்கம். இடது பக்கமும் வலது பக்கமும் கரை வரைக்கும் வெறும் தண்ணீர்தான்.

படகு வெளிச்சத்துக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் பார்த்துவிடுங்கள்.